அந்த உரலைப் பிள்ளைகள் தொடட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஒரு ஈகோ பார்க்குக்கு, அதாவது சுற்றுச்சூழல் பூங்காவுக்கு, போய் வந்தோம். நாங்கள் குடியிருப்பது இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், சமாராங் நகரத்தில். அங்கிருந்து தெற்கே, மலைப்பக்கமாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் கார்ப் பயணம். பழைய ஜாவானியக் கிராமம் போலவே கட்டியிருக்கிறார்கள். நடு ஜாவாவில் இப்போது இந்த மாதிரி இடங்கள் நிறைய வந்துவிட்டன. பூங்காவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்ல வந்தது அந்த ஒரு இடத்தைப் பற்றி மட்டும் இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் ஓட இடம் இருக்கிறது. நல்ல மூங்கில் நிழல். முழங்கால் வலிக்காரரான என் மாமியார்கூட எல்லா இடத்துக்கும் நடந்தே வந்தார், அப்படி ஒரு சாய்வுப் பாதை. கழிப்பறை சுத்தம். என் ஐந்து வயது மகன் வாத்துகளின் பின்னாலேயே அரை நாளைக் கழித்தான். இந்த ஊரில் கைக்குழந்தையும் வயதானவர்களும் சேர்ந்து போக நல்ல இடம் கிடைப்பது சுலபமில்லை. அதனால் நான் குறை சொல்வதை வெறும் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நடு முற்றத்தில் ஒரே மரத்தைக் குடைந்து செய்த நீளமான உரல் ஒன்று இருந்தது. லெசுங் என்பார்கள். நம் வட்ட உரல் மாதிரி இல்லை, நான்கைந்து பேர் வரிசையாக நின்று நெல் குத்தலாம். சுற்றிலும் கயிறு கட்டி, தொடக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். ஒன்பது வயது மகள் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது படகா?" என்றாள்.

அவள் கேட்டதில் தப்பே இல்லை. அந்த மலைப்பக்கத்தில் ராவா பெனிங் என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அந்த ஏரி உண்டான கதையில் இதே உரல்தான் படகு. இதை எங்களுக்குச் சொன்னது பலகையும் இல்லை, கையேடும் இல்லை. பக்கத்தில் சருகு பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி. இங்கே வயதானவர்களை ம்பா என்று கூப்பிடுவோம். அந்த ம்பா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, "ண்டுக், இங்கே வா" என்றார். பெண்பிள்ளைகளை வாஞ்சையாகக் கூப்பிடும் சொல் அது.

பாரு கிளிந்திங் என்ற சிறுவன் விருந்து நடக்கும் ஒரு ஊருக்கு வந்து சோறு கேட்கிறான். எல்லாரும் விரட்டுகிறார்கள். ஒரு கிழவி மட்டும் சோறு போடுகிறாள். "தண்ணீர் வந்தால் உரலில் ஏறிக்கொள்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, அவன் தரையில் ஓர் ஈர்க்குச்சியை நடுகிறான். ஊரே சேர்ந்து இழுத்தும் வரவில்லை. கடைசியில் அவனே பிடுங்கினான். பிடுங்கிய துளையிலிருந்து தண்ணீர் பொங்கி ஊர் மூழ்கியது. உரலில் ஏறிய கிழவி மட்டும் பிழைத்தாள்.

கதை முடிந்ததும் ம்பா துடைப்பக் கட்டையால் உரலின் விளிம்பைத் தட்ட ஆரம்பித்தார். டொக், தெக், டொக்-டொக். நெல் குத்தும் பெண்கள் உலக்கையால் இப்படித் தாளம் போடுவார்கள். சந்திர கிரகணத்தன்று நிலவை விழுங்க வரும் பூதத்தை விரட்டவும் ஊரே கூடி உரலை இடிக்குமாம். அவர் சின்ன வயதில் இடித்திருக்கிறார். மகள் கயிற்றுக்குள் கையை நீட்டித் தட்டினாள், அப்புறம் மகன், அப்புறம் யார் யாரோ வீட்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். பத்து நிமிடம்தான். அன்று முழுக்க அந்தப் பூங்காவில் கிராமம் இருந்தது அந்தப் பத்து நிமிடம் மட்டுமே என்று எனக்குத் தோன்றியது.

அந்த ம்பாவுக்கு அங்கே சம்பளம் பெருக்குவதற்கு. கதை சொல்வதற்கோ, தாளம் கற்றுத் தருவதற்கோ இல்லை. மேற்பார்வையாளர் வருவதைப் பார்த்ததும் சட்டென்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதுதான் என் மனதை அறுக்கிறது. அவருக்குத் தெரிந்தது, அந்தப் பூங்காவில் பணம் போட்டுக் கட்டிய எதையும்விடப் பெரியது.

கட்டியதும் சாதாரணமானது இல்லை. ப்ளோரா பக்கத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்த பழைய தேக்கு வீடு ஒன்று நிற்கிறது, ஜோக்லோ என்ற பாரம்பரிய ஜாவானிய வீடு. நடுவே நான்கு தூண்கள், சாகா குரு என்று பெயர். ஒவ்வொன்றும் கல்லின் மேல் நிற்பதால் மண்ணின் ஈரம் மரத்தில் ஏறாது. உத்திரங்களை ஆணியில்லாமல் ஒன்றோடொன்று கோத்திருப்பார்கள். நிலம் ஆடினால் வீடும் சேர்ந்து ஆடிக் கொடுக்கும். கழற்றி வேறு ஊரில் நிறுத்தவும் முடிகிறது, அதனால்தான் இத்தனை வீடுகள் விலை போகின்றன. உள்ளே பின்பக்கம் வரிசையாக மூன்று அறைகள். நடு அறை தேவி ஸ்ரீக்கு, நெல்லின் தெய்வத்துக்கு. அங்கே வாடகைக்குக் கொடுக்கும் போட்டோ உடைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். சமையலறைக்குப் பாவொன் என்று பெயர். அவு என்றால் சாம்பல், சாம்பல் இருக்கும் இடம் பாவொன். இந்தப் பாவொனின் மண் அடுப்பில் நெருப்புக்குப் பதில் ஒரு சிவப்பு பல்பு எரிந்தது. சாம்பல் ஒரு சிட்டிகைகூட இல்லை.

கமெலான் ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தது. 2021ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்த இசை அது. வாத்தியங்கள் மேடையில் சும்மா கிடந்தன. கமெலான் வாத்தியத்தைத் தாண்டிக் கால் வைக்கக்கூடாது என்று இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் வளர்ப்பார்கள். ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பார், ஒரு தட்டுத் தட்டவும் விட்டிருப்பார். எனக்கு மஞ்சளும் புளியும் சேர்ந்த ஜாமு என்ற மூலிகைப் பானம் குடிக்க ஆசை. குடித்தேன், பிளாஸ்டிக் கோப்பையில், பிளாஸ்டிக் மூடியோடு. வாசலில் ஈகோ என்று எழுதியவர்கள் இதையாவது யோசித்திருக்கலாம்.

"பிக்னிக் வந்த இடத்தில் எதற்கு இத்தனை எதிர்பார்க்கிறாய்?" என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் டிக்கெட்டில் கிராமம் என்று போட்டிருக்கிறதே. சமாராங்கிலும் ஜகார்த்தாவிலும் வளரும் பிள்ளைகளில் பலருக்கு ஜாவானியக் கிராமம் என்றால் இனி இதுதான். கூரை மட்டும் கிராமத்துக் கூரையாக இருந்தால் போதாது. கிராமம் என்பது அங்கே நடக்கிற வேலை. குத்துவது, புடைப்பது, முடைவது, அடுப்பு ஊதுவது. அதைப் பிள்ளைகள் கையால் செய்ய வேண்டும்.

செய்ய முடியும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. தெமாங்குங் மாவட்டத்தில் ஙாடிப்ரோனோ என்ற சிற்றூரில், மூங்கில் தோப்புக்குள் பாசார் பாப்ரிங்கான் என்று ஒரு சந்தை நடக்கிறது. ஜாவானிய நாள்காட்டியில் ஏழு நாள் வாரத்தோடு ஐந்து நாள் வாரம் ஒன்றும் சேர்ந்தே ஓடும். அதில் பொன் என்ற நாளோ வாகே என்ற நாளோ ஞாயிற்றுக்கிழமையோடு சேரும்போது மட்டும், அதாவது 35 நாளில் இரண்டு தடவை, காலை ஆறு மணிக்குச் சந்தை திறக்கும். மதியத்தோடு முடியும். காசை மூங்கில் வில்லையாக மாற்றிக்கொண்டு, அதைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பிளாஸ்டிக் பை கிடையாது. பெச்சல் என்ற, வேர்க்கடலைச் சாறு ஊற்றிய காய்கறியை வாழையிலையில் மடித்துத் தருகிறார்கள். விற்பவர்கள் அந்த ஊர்க்காரர்களே, அவர்கள் வீட்டுச் சமையலே. குப்பை கொட்டிக் கிடந்த தோப்பை அவர்களே கூட்டிச் சுத்தம் செய்து கல் பாவினார்கள்.

எல்லாப் பூங்காவும் அப்படி ஆகிவிட முடியாது, சரி. ஆனால் அந்த ம்பாவை உரல் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்காரவைக்கலாம். கயிற்றை அவிழ்த்து நான்கு உலக்கை வைக்கலாம். பாவொனில் ஒரு வேளையாவது விறகு எரியட்டும். அவ்வளவுதான் கேட்கிறேன். நாமும் போனால் போட்டோவோடு திரும்பாமல், "இதை யார் சொல்லித் தருவார்கள்?" என்று அங்கே வாய்விட்டுக் கேட்போம். கேட்டால்தானே செய்வார்கள்.

வெளியே வரும் வழியில் கடையில் ஒரு மர டாகொன் வாங்கினோம். பக்கத்துக்கு ஏழு குழி, அப்படியே நம் பல்லாங்குழி. இங்கே இரண்டு கோடியிலும் ஒரு பெரிய குழி கூடுதலாக இருக்கும். அதற்கு லும்புங், நெற்களஞ்சியம் என்று பெயர். குழிக்கு ஏழு என்று மொத்தம் 98 காய் வேண்டும். கடையில் பிளாஸ்டிக் மணி கொடுத்தார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் அம்மாச்சி புளியங்கொட்டையில்தான் ஆடுவார். சமாராங் என்ற பெயரே அசெம் ஆராங், அங்கங்கே நின்ற புளியமரம், என்பதிலிருந்து வந்ததாகத்தான் ஊர்க்கதை சொல்கிறது.

இதுவரை 61 கொட்டை சேர்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டு இபு, அதாவது அம்மா, நேற்று மகள் எண்ணுவதைப் பார்த்துவிட்டு ஒரு பை புளி கொண்டுவந்து கொடுத்தார். சின்ன வயதுக்கு அப்புறம் டாகொன் ஆடியதே இல்லையாம். இன்று சாயங்காலம் ஆட வருகிறார்.