ஐந்து மாதத்துக்கு ஒரு மவுஸ் வாங்க நாங்கள் எங்கே போவது?

நேற்றுப் பின்னேரம் ஓர் அக்கா காலமான தன் அப்பாவின் 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வந்திருந்தார். கையில் ஒரேயொரு படம். இடம்பெயர்ந்த இடமெல்லாம் கூடவே போய்த் திரும்பி வந்த படம். ஓரமெல்லாம் தண்ணீர்க் கறை, கன்னத்தில் ஒரு மடிப்பு. ஸ்கான் பண்ணிக் கறையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருந்தேன். இந்த வேலை செய்பவர்களுக்குத் தெரியும், இடது பொத்தானை அமுக்கிப் பிடித்தபடியே இழுக்க வேண்டும், விரலை எடுக்கக் கூடாது. நான் எடுக்கவில்லை. மவுஸ் தானாக விட்டுவிட்டுத் திரும்பப் பிடித்தது. கறை போக வேண்டிய இடத்தில், கண்ணுக்குக் குறுக்கே ஒரு கோடு. அதை அழிக்கப் போனேன், நெற்றியில் இன்னொன்று. சரி, சேமித்துவிட்டுத் திரும்பத் திறப்போம் என்று ஒரு பைலை மூடினால், பின்னால் திறந்திருந்த மற்றப் பைலும் சேர்ந்து மூடிக்கொண்டது. ஒரு தடவை அமுக்கியதை இரண்டு தடவையாக எடுத்துக்கொள்கிறது.

அந்த அக்கா பக்கத்துக் கதிரையில் இருந்து தகப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தங்கச்சி, படம் பழுதாப் போச்சோ?" என்று கேட்டார். குரல் நடுங்கியது. படத்துக்கு ஒன்றும் இல்லை அக்கா, மவுஸ்தான் பிழை என்று சொல்லி ஆற்றுவதற்குள் எனக்கே தொண்டை அடைத்துவிட்டது. வாங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை!

முல்லைத்தீவு மாவட்டம் மல்லாவியில் சின்னதாக ஒரு கொமினிகேசன் வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, தட்டச்சு, அடையாள அட்டைப் படம், பல்கலைக்கழக விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு பார்த்துக் கொடுப்பது, கலியாண அழைப்பிதழ் எல்லாம் இங்கேதான். மூன்று வருடத்தில் இது ஏழாவது மவுஸ். ஏழும் ஒரே நோயில்தான் போயின. இடது பொத்தான். வலது பொத்தான் புதிது போல இருக்கும். அடியில் எரியும் சிவப்பு வெளிச்சம் நன்றாக இருக்கும். வயர், சில்லு எல்லாம் சரியாக இருக்கும். அந்த ஒரு பொத்தானுக்குக் கீழே இருக்கிற, சுண்டு விரல் நகம் அளவு சுவிட்ச் மட்டும் போய்விடும். அதோடு முழு மவுஸும் குப்பை. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"மலிவானதை வாங்கினால் அப்படித்தான், விலை கூடினதை எடு" என்று சொல்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். எடுத்துப் பார்த்துவிட்டேன். நான்காவது மவுஸ் 4,500 ரூபா. வாங்கிய நாள் தொடக்கம் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். எட்டாம் மாதம் அதே இடது பொத்தான், அதே இரட்டைக் கிளிக். திறந்து பார்த்தேன். 1,250 ரூபா மவுஸில் இருந்த அதே வகைச் சுவிட்ச்தான் அதிலும் இருந்தது. கூடக் கொடுத்த காசு நிற விளக்குகளுக்கும் மேல் ஓட்டுக்கும்தான் போயிருக்கிறது.

அதன் பெட்டியில் 1 கோடி தடவை கிளிக் பண்ணலாம் என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள். ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். வேலை நெருக்கமான நாளில் நான் 4,000 தடவை அளவில் அமுக்குவேன். அந்தக் கணக்குப்படி 1 கோடி முடிய 2,500 நாள் ஆகும். ஒரு நாளும் கடை பூட்டாவிட்டால்கூட ஏழு வருடத்துக்குக் கிட்ட வர வேண்டும். எட்டு மாதத்தில் நான் 10 லட்சத்தைக்கூடத் தொட்டிருக்க மாட்டேன். மீதி 90 லட்சம் எங்கே? அந்தப் பெரிய எண் ஆய்வுகூடத்தில் யந்திரம் ஒரே சீராக அமுக்கிப் பார்த்து எடுக்கிற எண். மே மாத வெயிலில் வேர்த்த விரல், தெருவில் ஒரு டிப்பர் போனால் கடைக்குள் வந்து விழுகிற கிரவல் புழுதி, கார்த்திகை மாரியில் சுவரே ஈரமாக இருக்கிற நாட்கள், இவையெல்லாம் அந்த யந்திரத்துக்கு ஏது?

உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குச் சந்தியில் ரேடியோ திருத்துகிற ஐயாதான் காட்டினார். அந்தச் சுவிட்ச்சின் மூடியைக் கத்தி முனையால் கிளப்பினால் உள்ளே மெல்லிய செப்புக் கலப்புத் தகடு ஒன்று வளைந்து நிற்கும். அமுக்கும்போது அது சட்டென்று மறுபக்கம் பாய்ந்து தொடும். அந்த 'டிக்' சத்தம் அதுதான். பாயும்போது எந்தத் தகடும் ஒரு கணம் துள்ளும். அந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் விட, மவுஸுக்குள் இருக்கிற சிப்பில் சில மில்லி செக்கன் பொறுத்துப் பார்க்கும்படி எழுதியிருப்பார்கள். நாள் போகப் போகத் தகட்டின் இறுக்கம் தளரும், தொடுகிற முனையில் மெல்லிய படலம் படியும். கொஞ்சம் பெரிய மின்னோட்டம் ஓடுகிற இடமாக இருந்தால் தொடும்போது வருகிற சின்னப் பொறியே அந்தப் படலத்தை எரித்துவிடும். மவுஸில் ஓடுவது மிகச் சிறிய மின்னோட்டம், அதற்கு அந்த வலு இல்லை. படலம் நின்றுவிடும், துள்ளல் நீளும், பொறுத்துப் பார்க்கிற நேரம் போதாமல் போகும். ஒரு கிளிக் இரண்டாகும்.

இதில் எனக்கு மிகவும் எரிச்சல் தந்த விசயம் ஒன்று. அந்தச் சுவிட்ச்சுக்கு மூன்று கால்கள் இருக்கின்றன. நான் திறந்த மவுஸ்களில் இரண்டு காலுக்குத்தான் வேலை கொடுத்திருந்தார்கள். மூன்றாவது காலையும் சேர்த்துக் கவனித்தால், தகடு உண்மையாகவே மறுபக்கம் போய்த் திரும்பியதா, இல்லை நின்ற இடத்தில் துள்ளியதா என்று சிப்புக்குத் தெளிவாகத் தெரியும் என்றார் ஐயா. சுவிட்ச் தளர்ந்த பிறகும் இரட்டைக் கிளிக் வராது. கால் அங்கேயே இருக்கிறது! அதிலிருந்து சிப்புக்கு ஒரு செப்புக் கோடு இழுத்து, அதையும் கவனிக்கும்படி சிப்பில் எழுதினால் போதும். தகடே தொடத் தேவையில்லாமல் வெளிச்சத்தை மறித்துக் கிளிக்கை அறிகிற சுவிட்ச்களும் வந்துவிட்டன, ஆனால் அவற்றை விளையாட்டுக்காரர்களுக்கான விலை கூடிய மவுஸ்களில்தான் போடுகிறார்கள். நாள் முழுக்கக் கிளிக் பண்ணிச் சாப்பிடுகிற எங்களுக்கு இல்லை.

சரி, சுவிட்ச் தேயத்தான் செய்யும் என்று வைத்துக்கொள்வோம். தேய்கிற பொருளை மாற்றுவதற்கு வழி வைக்க வேண்டாமா?

மவுஸைத் திறப்பதே ஒரு போராட்டம். கண்ணுக்கு ஒரு ஸ்குரூவும் தெரியாது. ஒன்று அடியில் ஒட்டிய லேபிளுக்குக் கீழே ஒளிந்திருக்கும், மற்றவை வழுக்கிப் போவதற்காக ஒட்டிய பட்டிகளுக்குக் கீழே. பட்டியை உரித்தால் அது சுருண்டுவிடும், திரும்ப ஒட்டாது. லேபிளைக் கிழித்தால் வாரண்டி போச்சு. உள்ளே சுவிட்ச்சை ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள். உருக்கி எடுத்துப் புதிதை வைக்கத் தெரிந்த கை எத்தனை பேருக்கு இருக்கிறது? செருகிக் கழற்றுகிற மாதிரிச் சுவிட்ச் வைத்தால் பத்து வயதுப் பிள்ளை மாற்றிவிடும்.

பழைய உருண்டை மவுஸ் ஞாபகம் இருக்கிறதா? அடியில் ஒரு வளையம் இருக்கும். விரலால் திருப்பினால் கழரும், உருண்டை கையில் விழும். உள்ளே உருளைகளில் ஒட்டிய அழுக்கை நகத்தால் சுரண்டிவிட்டுத் திரும்பப் போட்டால் புதிது போல ஓடும். பாவிக்கிறவன் தானே திறந்து துப்புரவாக்க வேண்டும் என்று நினைத்துத்தான் அதைச் செய்திருந்தார்கள். முதல் மவுஸ் 1964இல் வந்தது, டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பவரின் யோசனையில் செய்த ஒரு மரப்பெட்டி. இரண்டு சில்லும் ஒரு பொத்தானும், அவ்வளவுதான். அறுபது வருடம் ஆன பிறகும் அந்தப் பொத்தான்தான் முதலில் போகிறது என்றால், கண்டுபிடிக்க முடியாமலா விட்டிருக்கிறார்கள்? இல்லை. பழுதானால் நாங்கள் இன்னொன்று வாங்குவோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

வாரண்டி என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று சொல்கிறேன். ஐந்தாவது மவுஸுக்கு ஒரு வருட வாரண்டி இருந்தது. கடையைப் பூட்டிவிட்டு மாங்குளம் போய், பஸ் மாறி, வாங்கிய வவுனியாக் கடைக்குக் கொண்டுபோனேன். அந்தத் தம்பி தன் கொம்பியூட்டரில் செருகி ஐந்தாறு தடவை தட்டிப் பார்த்தார். "அக்கா, இது நல்லாத்தானே வேலை செய்யுது!" இந்த வருத்தத்தின் குணமே அதுதான். பத்துக் கிளிக்கில் ஒன்றுதான் பிழைக்கும். நான் நின்று இழுத்து இழுத்துக் காட்டினேன். கடைசியில் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், மூன்று கிழமை ஆகும் என்றார். மூன்று கிழமையும் நான் என்ன செய்வது? புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன். அனுப்பியது ஒரு மாதம் கழித்து அப்படியே திரும்பி வந்தது, தேய்மானம் வாரண்டிக்குள் வராதாம். அந்தத் தம்பியில் எனக்குக் கோபம் இல்லை, அவர் பாவம், விற்கிறவர்.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரைக்கும் ஏறியபோது என் கையில் இருந்த மவுஸுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது என்று நேர்த்தி வைக்காத குறை. அப்போது ஏறிய விலை பிறகு பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை. ஒரு பக்கம் போட்டோக்கொப்பிக்கு நான் வாங்குவது சில்லறைக் காசு. ஒரு மவுஸின் காசைச் சேர்க்க எத்தனை பக்கம் அடிக்க வேண்டும்?

வயர் இல்லாத மவுஸ் வாங்கச் சொன்னார்கள். அதற்குப் பற்றரிச் செலவு வேறு. அது செத்தால் அதன் குட்டி ரிசீவரும் வீண். ரிசீவர் தொலைந்தால் நல்ல மவுஸும் வீண்.

எங்கள் அம்மாவின் தையல் மெசினைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2008இல் யுத்தத்தில் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது தூக்கிக்கொண்டு போக ஏலாமல், பொலித்தீனில் சுற்றி வளவுக்குள் புதைத்துவிட்டுப் போனோம். 2010இல் திரும்பி வந்து கிண்டி எடுத்தபோது ஊசிப் பக்கமெல்லாம் துரு. அம்மா இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊற வைத்தா. ஒவ்வொரு ஸ்குரூவாகக் கழற்றித் துடைத்தா. பெல்ட்டும் ஒரு ஸ்பிரிங்கும் கிளிநொச்சியில் வாங்கிப் போட்டா. இன்றைக்கும் அதில்தான் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறா. இரண்டு வருடம் மண்ணுக்குள் கிடந்த மெசின் ஓடுகிறது. மேசையில் துணி போட்டு மூடி வைத்த மவுஸ் ஐந்து மாதத்தில் போகிறது.

சித்தப்பாவின் லான்ட்மாஸ்டரும், அந்த இரண்டு சில்லு உழவு மெசினும், அப்படித்தான். பெல்ட் போனால் பெல்ட், பேரிங் போனால் பேரிங். எந்தப் பாகமும் தனியாகக் கிடைக்கும், எந்த ஸ்குரூவும் ஒளிந்திருக்காது. இங்கே உள்ள ஆக்களுக்குத் திருத்தத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள், மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள், ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். கையும் மூளையும் இருக்கிறது. திறக்க விடாமல் செய்த பொருளை வைத்துக்கொண்டு அந்தக் கை என்ன பண்ணும்?

செத்த ஆறு மவுஸும் ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் கிடக்கின்றன. பழைய இரும்பு எடுக்கிறவர் வந்தபோது நீட்டினேன், அவர் வேண்டாம் என்றுவிட்டார், எடைக்கு ஒன்றும் தேறாதாம். எரித்தால் அந்தப் புகையைப் பிள்ளைகள்தான் சுவாசிக்க வேண்டும். புதைத்தால் கிணற்றுத் தண்ணீர். ஐரோப்பாவில் பொருட்களைத் திருத்தும் உரிமைக்கு 2024இல் சட்டம் கொண்டுவந்தார்கள். உடுப்புத் தோய்க்கும் மெசின், குளிர்சாதனப் பெட்டி, கைபேசி எல்லாம் அதற்குள் வருகின்றன, மவுஸ் அந்தப் பட்டியலில் இல்லை. சின்னப் பொருள்தானே என்று விட்டிருப்பார்கள். எனக்கு அது சின்னப் பொருள் இல்லை. என் அடுப்பு அதில்தான் எரிகிறது.

மவுஸ் செய்கிற அத்தனை கம்பனிக்கும் நான் கேட்பது இவ்வளவுதான். ஸ்குரூவைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். இடது பொத்தானின் சுவிட்ச்சைச் செருகிக் கழற்றுகிற மாதிரி வையுங்கள். மவுஸ் விற்கிற கடையிலேயே அந்தச் சுவிட்ச்சையும் விற்க விடுங்கள். 100 ரூபா போட்டு விற்றாலும் நான் வாங்குவேன். நிற விளக்கே வேண்டாம்.

இன்று காலை கடை திறக்க முதலே ஐயாவிடம் போனேன். அதிகம் அமுக்காத வலது பொத்தானின் சுவிட்ச்சைக் கழற்றி இடது பக்கம் வைத்து, பழுதானதை வலது பக்கம் ஒட்டித் தந்தார். காசு வாங்கவில்லை. கண்ணுக்குக் குறுக்கே விழுந்த கோட்டையும் நெற்றிக் கோட்டையும் அழித்துவிட்டேன். கன்னத்து மடிப்பும் போய்விட்டது. கழுத்துப் பக்கத்துக் கறை இன்னும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை 31ஆம் நாள், அந்த அக்கா நாளைக்குக் காலை பத்து மணிக்கு வருவார்.