எஃப்4 ஆடியது அவன் குற்றமா?

ஞாயிற்றுக்கிழமை நடந்த சதுரங்கப் போட்டியின் காணொளியைப் பலரும் பார்த்துவிட்டீர்கள். கடைசிச் சுற்றில் கிங்ஸ் கேம்பிட் (வெள்ளை தன் இரண்டாவது நகர்த்தலிலேயே எஃப்4 கட்டத்துக்கு ஒரு சிப்பாயை நகர்த்தி, எதிராளி வெட்டிக்கொள்ளக் கொடுக்கும் தொடக்கம்) ஆடித் தோற்ற பத்து வயதுச் சிறுவனிடம், அத்தனை பெற்றோர் முன்னிலையில் அவனுடைய பயிற்சியாளர் "இது ஆட்டமா, சூதாட்டமா?" என்று கேட்டது எனக்கு இன்னமும் ஆறவில்லை. இரண்டாவது நகர்த்தலில் சிப்பாயைக் கொடுத்ததால் அவன் தோற்கவில்லை; பதினெட்டாவது நகர்த்தலில் குதிரையைக் கவனிக்காமல் விட்டதால் தோற்றான்.

1960-இல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டாவில், 23 வயது ஸ்பாஸ்கி இதே கேம்பிட்டை 17 வயது ஃபிஷரிடம் ஆடினார்; இருவருமே பின்னாளில் உலக சாம்பியன்கள். ஃபிஷர் சிப்பாயை வெட்டினார், நல்ல நிலைக்கும் வந்தார், ஆனாலும் 29-ஆவது நகர்த்தலில் ஆட்டம் அவர் கையைவிட்டுப் போயிருந்தது. அந்த உறுத்தலில் மறு ஆண்டே, இந்தத் தொடக்கம் வெள்ளைக்குத் தோல்வியையே தரும் என்றும், மூன்றாவது நகர்த்தலில் கறுப்பு டி6 கட்டத்துக்குச் சிப்பாயை நகர்த்துவதே அதற்கு மருந்து என்றும் கட்டுரை எழுதினார். அதே ஃபிஷர்தான் 1963-64 அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் லாரி எவன்ஸிடம் கிங்ஸ் கேம்பிட் ஆடி வென்றார். அவர் மூன்றாவது நகர்த்தலில் குதிரைக்குப் பதிலாக பிஷப்பை நகர்த்தினார், அது வேறு வகை என்று திருத்த வருவோர் வரலாம். எஃப்4-இல் சிப்பாயைக் கொடுத்தாரா இல்லையா?

"சதுரங்கக் கணினி எஞ்சின் கறுப்புக்குச் சாதகம் என்கிறதே" என்பீர்கள். ஆம், மறுக்கவில்லை. ஆனால் அவன் எதிரில் உட்கார்ந்திருந்தது எஞ்சின் இல்லையே. பெற்றோர் ரேட்டிங் (ஆட்டத் திறனுக்கான புள்ளி) கேட்கிறார்கள் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கேட்கட்டும், அதற்கு ஒரு குழந்தையைச் சபையில் நிறுத்தி அவமானப்படுத்த வேண்டுமா?

என் பன்னிரண்டாவது வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒருவர், நான் நோட்டில் எழுதிவைத்திருந்த கேம்பிட் வரிசைகளைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, "டிரா எடுக்கக் கற்றுக்கொள்" என்றார். கற்றுக்கொண்டேன். அடுத்த மாவட்டப் போட்டியில் ஏழு சுற்றில் ஐந்து டிரா; யாரும் திட்டவில்லை. ஆனால் அன்று பரணில் ஏற்றிய பலகையைப் பதினெட்டு ஆண்டுகள் நான் இறக்கவே இல்லை. ஆகவே இது எஃப்4 பற்றிய வழக்கு மட்டும்தானா என்று என்னைக் கேட்டால், இல்லை என்றே சொல்வேன்.

காணொளியின் கடைசி நொடிகளை மறுபடி பாருங்கள். அவன் தலைநிமிராமல், நகர்த்தல்களை எழுதிய தாளை எட்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணிக்கிறான். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்து, பதினெட்டாவது நகர்த்தலைப் பலகையில் வைத்துக் காட்டியிருக்க வேண்டியவர் அவனுடைய பயிற்சியாளர்.