புனிதர் கதையில் ஏணியைப் பாருங்கள்

நட்டாலம், சாமித்தோப்பு, தக்கலை, கோட்டாறு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கே திருவிழா வந்தாலும் முகநூலில் ஒரே சண்டைதான். அற்புதம் நடந்ததா, கட்டுக்கதையா? ஒரு கூட்டம் கும்பிடும், இன்னொரு கூட்டம் கிண்டலடிக்கும். கதைக்குள் சும்மா கிடக்கிற சாமான்களை ரெண்டு கூட்டமும் கவனிப்பதில்லை.

கதை சொன்னவர் அற்புதத்தைப் பெருக்கிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுப்படியில் என்ன இருந்தது, பனையில் ஏற எது வேண்டும் என்பதில் பொய் சொல்லி அவருக்கு என்ன ஆதாயம்? கேட்கிறவன் தினமும் கையாளுகிற சாமான் அது. மாற்றிச் சொன்னால் அங்கேயே பிடித்துவிடுவான். அதனால்தான் புனிதர் வரலாற்றில் ஓரமாக வருகிற விவரங்களை நான் அதிகம் நம்புகிறேன்.

கிறிஸ்தவராக மாறியதற்காகக் கொல்லப்பட்ட புனிதர் தேவசகாயம் பிள்ளையை எடுங்கள். 1749-ல் அரசனின் சேவகர்கள் பிடித்து, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், அடித்த புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள் என்று காலங்காலமாகச் சொல்கிறோம். மிளகாய் அமெரிக்கப் பயிர். போர்த்துகீசியர் வந்த பிறகுதான், 16-ம் நூற்றாண்டில், இந்தக் கரைக்கு வந்தது. தேவசகாயம் காலத்தில் மிளகு திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் ஏகபோகம். மிளகாயோ கொல்லையில் காய்க்கிற சரக்கு, சேவகன் கைக்கு அள்ள அள்ளக் கிடைத்திருக்கிறது. அந்த விவரம் பிற்பாடு சேர்ந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள், சேர்த்தவர் வீட்டு அம்மியிலும் மிளகாய் அரைபட்டிருக்கிறது. பத்தாம் நூற்றாண்டுக் கதை என்று யாராவது சொல்லி அதில் மிளகாய் வந்தால், அந்த இடம் பிந்தையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மரச்சீனிக்கும், அதாவது மரவள்ளிக் கிழங்குக்கும், இதே கணக்குதான். திருவிதாங்கூரில் அது ஏழைகளின் அன்றாடச் சாப்பாடாகப் பரவியது விசாகம் திருநாள் மகாராஜா காலத்தை ஒட்டி, அதாவது 1880-களில்.

இனி பனைக்கு வருவோம், விஷயம் அங்கேதான் கனமாக இருக்கிறது. 849-ல் வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவக் கோயிலுக்குக் கொடுத்த செப்பேட்டில், பள்ளியைச் சேர்ந்த ஈழவர்களுக்கு விலக்கிய வரிகளில் ஒன்று ஏணிக்காணம். மரம் ஏறுகிற ஏணிக்கு வரி! ஏறத்தாழ ஆயிரம் வருடம் கழித்து, 1841-ல் எழுதப்பட்ட, அய்யா வழிக்காரரின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானையில், கருப்பட்டிக்கும் ஆயம் (வரி), தாலிக்கும் ஆயம் என்று பனையேறிச் சனத்தின் புலம்பல் வருகிறது. ஒன்று செப்பேடு, மற்றது சாமித்தோப்பு அய்யா வைகுண்டரின் அவதார வரலாறு. ரெண்டும் ஒரே இடத்தில் கை வைக்கின்றன.

ஏன் ஏணிக்கு வரி? அக்கானியை, அதாவது பதநீரை, அளந்து வரி போட முடியாது. பாளையைக் கடிப்பு என்ற இடுக்கியால் நசுக்கி, சில நாள் பழக்கி, நுனியைச் சீவிக் கலயம் கட்டினால், ஒரு பாளை இன்று நிறையச் சுரக்கும், நாளைக்கு வற்றும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிட்டால் இறக்குவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். அதைக் காய்ச்சினாலும் கருப்பட்டி இறுகாது, பாகாகவே பிசுபிசுவென்று நிற்கும். சுண்ணாம்பு கூடிப்போனால் ருசி கெடும். இப்படி மணிக்கணக்கில் குணம் மாறுகிற சரக்கை எந்த அதிகாரி எண்ணுவான்? ஏணி அப்படியா? சாயங்காலம் சுவரில் சாத்தி வைத்திருக்கும், தெருவில் நடந்துகொண்டே எண்ணிவிடலாம். இது என் ஊகம்தான், ஆனாலும் அரசாங்க மூளை எந்தக் காலத்திலும் இப்படித்தான் வேலை செய்கிறது. மரஏணி ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாம் செல்லரித்துப் போனது. வரி மட்டும் செம்பில் நிற்கிறது.

அய்யா வைகுண்டரின் வழியில் வந்தவர்கள் செய்த துவையல் தவசு இன்னொன்று. 700 குடும்பங்கள் கடலோரம் தங்கி, துணி துவைத்து, குளித்து, பச்சரிசியும் சிறுபயறும் கடல்நீரில் வேகவைத்து ஒரு நேரம் உண்டார்கள் என்பது மரபு. சமைத்துப் பார்க்கிற கணக்கில் யோசியுங்கள். லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. ஒரு கிலோ அரிசி பயறுக்கு இரண்டரை லிட்டர் விட்டால் 87 கிராம் உப்பு இறங்கும். வீட்டில் அதே அளவுக்கு நாம் போடுவது 15 கிராம் இருந்தால் அதிகம். வடித்தால் பாதி போகும், அப்போதும் வாயில் வைக்க முடியாத கரிப்பு. போதாததற்குக் கடல்நீரின் மக்னீசியமும் கால்சியமும் பயறை இறுக்கிவிடும், லேசில் வேகாது, விறகு கூடும். ஆக, இதைச் சிக்கனச் சமையல் என்று சொல்ல வழியில்லை. தவசு என்ற பேர் சும்மா வரவில்லை. இன்னொன்றும் உண்டு: அன்று உப்பு திருவிதாங்கூர் சர்க்காரின் ஏகபோகம், ஊர்க்குளமும் கிணறும் தாழ்த்தி வைக்கப்பட்ட இந்தச் சனத்துக்கு அடைத்த கதவு. எவனும் வேலி போட முடியாத தண்ணீர் கடல் ஒன்றுதான். சாமித்தோப்பு முந்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியும் ஒன்றாகக் குளித்ததன் கனம் இதோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

துணியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1859 திருவிதாங்கூர் அரசாணை, சாணார் என்று அன்று அழைக்கப்பட்ட பனையேறிச் சாதிப் பெண்கள் குப்பாயம் (மேல்சட்டை) போடலாம், மீனவரான முக்குவப் பெண்கள் மாதிரி முரட்டுத்துணி கட்டலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி கூடாது என்றது. நூலின் தடிமனும் முடிச்சு விழுகிற இடமும் சட்டமாக இருந்த ஊரில், அய்யா வழிக் கோயிலான பதிக்குள் ஆண்கள் தலைப்பாகையோடு நிற்பதை வெறும் சடங்கு என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

இப்போது நாம் செய்வது என்ன? கோயிலுக்கும் குருசடிக்கும் டைல்ஸ் ஒட்டுகிறோம். பித்தளை விளக்கை ஆசிட் போட்டு மினுக்குகிறோம், அதில் கொத்தியிருந்த பெயரும் வருடமும் தேய்ந்து போகிறது. நெல் அளந்த பழைய நாழி, இடங்கழியைப் பழைய சாமான் வாங்குகிற ஆக்கர்காரனுக்கு எடைக்குப் போடுகிறோம். நாலு நாழி ஒரு இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை என்பது வாய்ப்பாடு. ஆனால் பாட்டம் (குத்தகை நெல்) அளக்கிற பறை பெரிது, கூலி அளக்கிற பறை சிறிது. அன்னதானக் கதையில் பறைக்கணக்கு வந்தால் எந்தப் பறை என்று கேட்கவேண்டும். பதில் உங்கள் பரணில் கிடக்கலாம்.

மூங்கில் நாழியில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசலில் கசிந்து அளவு தப்பும், மூங்கிலும் ஊறும். காய்ந்த கடுகு நிரப்பி, ஒருமுறை தலைதட்டி அளக்கவும், ஒருமுறை குவித்து அளக்கவும். ரெண்டையும் மில்லிலிட்டர் குப்பியில் கொட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். அது எந்த வீட்டில், நெல் வாங்கவா கொடுக்கவா இருந்தது என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதுங்கள். துடைக்க உலர்ந்த பருத்தித்துணி போதும், புளியும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம்.