519.15 எங்கே இருக்கும்?

கல்லூரியின் முதல் ஆண்டு முழுவதும் நான் நூலகத்துக்குப் போனது நாளிதழ் படிக்க மட்டும்தான். ஒருநாள் துணிந்து அடுக்குகளுக்கு இடையே நுழைந்தேன். கையிலிருந்த துண்டுச்சீட்டில், நான் தேடிய புத்தகத்தின் அடுக்கு எண் 519.15 என்று எழுதியிருந்தது. 519.5 கண்ணில் பட்டது. ஐந்தைவிடப் பதினைந்து பெரியதாயிற்றே என்று அதற்கு வலப்பக்கமாகவே அரைமணி நேரம் தேடினேன். கிடைக்கவில்லை. நூலகரிடம் கேட்டிருக்கலாம். "இதுகூடவா தெரியாது?" என்று அவர் பார்க்கப்போகும் பார்வையை நானே கற்பனை செய்துகொண்டு வெளியேறிவிட்டேன்.

புத்தகம் இடப்பக்கம் இருந்திருக்கும். அது தசம எண்; .15 வந்த பிறகுதான் .5 வரும். (நான் படித்தது கணிதம் என்பதை இங்கே சத்தமில்லாமல் சொல்லிவிடுகிறேன்.)

கான்ஸ்டன்ஸ் மெலன் என்பவர், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் சுமார் 6,000 மாணவர்களிடமிருந்து திரட்டிய குறிப்புகளை வைத்து 1986-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 75 முதல் 85 சதவீதம் பேர் நூலகத்தோடு தங்கள் முதல் அனுபவத்தை அச்சம் என்றே விவரித்திருந்தார்கள். 'நூலகப் பதற்றம்' என்று அதற்குப் பெயர் வைத்தார். மற்றவர்களுக்கெல்லாம் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது. கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். இப்படித்தான் மாணவர்கள் நினைத்திருக்கிறார்கள். படித்தபோது என்னை யாரோ ஒட்டுக்கேட்டதுபோல் இருந்தது.

இதற்குக் கல்லூரிகள் கண்ட மருந்து, முதல் வாரத்தில் ஐம்பது பேரை வரிசையாக நூலகத்துக்குள் நடத்திக்கொண்டு போவது. எந்தத் தேவையும் எழாத நாளில் காட்டப்படும் அலமாரி யாருக்கு நினைவில் நிற்கும்? அமைதி காக்கச் சொன்னது மட்டும் நிற்கும்.

நான் பாடம் நடத்த வந்த பிறகு, கட்டுரை எழுதச் சொல்லும் அதே வாரத்தில் வகுப்பை அழைத்துப் போகிறேன். முதலில் என் 519.15 கதை, நன்றாகச் சிரிப்பார்கள். பிறகு ஒவ்வொருவரும் நூலகரிடம் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும், அதற்கு மதிப்பெண் உண்டு. மதிப்பெண் என்றதும் கேள்வி கேட்பது வீட்டுப்பாடம் ஆகிவிடுகிறது, வெட்கப்பட ஏதுமில்லை. தந்திரம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

போன முறை, வாயே திறக்காத ஒரு மாணவி கேட்டாள்: "புத்தகத்தை வேறொருவர் எடுத்துப் போயிருந்தால் அது எங்களுக்கு எப்படித் தெரியும்?" சுற்றி நின்ற எவருக்கும் விடை தெரியவில்லை. அதுவரை திரையை விட்டுத் தலைநிமிராத நூலகர், கணினியை மெல்ல எங்கள் பக்கம் திருப்பினார்.