ஒளிரும் ஆன்டிபாடி மருந்து அன்று
ஆய்வுக்கூடங்களுக்கு விற்கப்படும் ஒளிரும் ஸ்டாட்3 ஆன்டிபாடி (ஸ்டாட்3 என்னும் புரதத்தைத் தேடிப் பற்றும் மூலக்கூறு) புற்றுநோயை முடக்கிவிடும் என்றும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மருத்துவர்கள் அதை மறைக்கிறார்கள் என்றும் அந்நகரின் சாட்ஸ்வொர்த் பகுதி அன்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று.

ஸ்டாட்3 செல்லுக்குள் இருந்துகொண்டு சமிக்ஞையை உட்கருவுக்குக் கொண்டுசெல்லும் புரதம். ஆன்டிபாடியோ உயிருள்ள செல்லின் சவ்வைத் தானாகக் கடக்க முடியாத பெரிய மூலக்கூறு; அதனால்தான் ஆய்வாளர்கள் செல்களை முதலில் ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, குளிர்ந்த மெத்தனாலால் சவ்வில் வழி உண்டாக்கி, அதன் பிறகே இதைச் சேர்க்கிறார்கள். அந்நிலையில் செல் இறந்தே போயிருக்கும் (முடக்குவதற்கு அங்கே என்ன மிச்சம்?). உடன் பிணைத்த சாயம், எடுத்துக்காட்டாக 488 நானோமீட்டர் லேசர் பட்டதும் 520ஐ ஒட்டிய பச்சையில் ஒளிர்வது, புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதையே காட்டும். 705ஆம் இடத்து டைரோசின் என்னும் அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறிய வடிவத்தை மட்டும் பற்றும் வகையாக இருந்தாலொழிய, புரதம் தூண்டப்பட்டுள்ளதா என்பதைக்கூட அது சொல்லாது.

ஆன்டிபாடி மருந்துகள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1998இல் அனுமதி பெற்ற மார்பகப் புற்றுநோய் மருந்தான டிராஸ்டுசுமாப், செல்லின் வெளிப்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஹெர்2 புரதத்தைப் பற்றுகிறது. வெளியே இருப்பதால்தான் அது எட்டுகிறது. ஆய்வுக் குப்பியிலோ, கெடாமலிருக்கப் பெரும்பாலும் சோடியம் அசைடு என்னும் நஞ்சைக் கலந்திருப்பார்கள்.

இணையத்தில் வாங்கித் தாயாருக்குக் கொடுக்கலாமா என்று கேட்ட டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதிச் சகோதரி, தயவுசெய்து கொடுக்க வேண்டாம். அவருக்கு எந்த ஆன்டிபாடி மருந்து பொருந்தும் என்பதைக் கட்டியின் பரிசோதனை முடிவை வைத்து அவருடைய புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள்.