கணினி ஓட்டும் கார் என்பது சரியா?

நிஸான் ஜிடி-ஆர் ஆர்35 என்ற ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி எழுதிய கட்டுரையாளர் ஒருவர், அது எடை மிகுந்தது என்றும் ‘ஓட்டுநருக்கு வேலையே வைக்காத கணினி’ என்றும் ஒதுக்கிவிடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. ஏறத்தாழ 1,740 கிலோ எடை என்பது உண்மைதான்; ஆனால் அந்த எடை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எஞ்சின் முன்புறம் இருக்க, கியர்பாக்ஸைப் பின் அச்சுக்குக் கொண்டுபோய், ஒரு தண்டின் வழியே விசையைப் பின்னே அனுப்பி, இன்னொரு தண்டின் வழியே அதில் ஒரு பகுதியை முன்சக்கரங்களுக்குத் திருப்பிக் கொண்டுவரும் அமைப்பு, வளைவில் டயர்களின் பிடிப்பைக் கூட்டுவதற்காகவே யோசித்துச் செய்யப்பட்டது. நிஸானின் யோகோஹாமா ஆலையில் ‘தகுமி’ எனப்படும் கைதேர்ந்த வல்லுநர் ஒருவரே 3.8 லிட்டர் இரட்டை டர்போ வி6 எஞ்சினைக் கையால் கோத்து, அதன்மேல் தம் பெயர்ப்பட்டையைப் பொருத்தினார். கணினிக் கார் என்று கேலி பேசுவோர் பானெட்டைத் திறந்து அந்தப் பட்டையை ஒருமுறை படிக்கலாம்.

மேனுவல் கியர் இல்லாத குறை எனக்கும் உண்டு. உள்ளலங்காரமும் சீக்கிரமே பழையதாகத் தெரிந்தது. ஆயினும் 2007-இல் 480 குதிரைத்திறனோடு வந்த அடிப்படை வடிவத்தையே பின்னாளில் 570 வரை உயர்த்தி, 2025 ஆகஸ்ட் வரை தயாரித்தார்கள் என்றால், அதன் தொடக்கக் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்திருக்க வேண்டும்!