ஒழுங்கு சைரன் வண்டியிலிருந்து தொடங்கட்டும்

"எங்கள் ஜனங்களுக்குக் கட்டுப்பாடே கிடையாது, அதனால்தான் இந்த நாடு உருப்படவில்லை" என்று ஒரு பிலிப்பினோ தன் சொந்த மக்களைப் பற்றிச் சொல்வதைக் கேட்காமல் மணிலாவில் ஒரு வாரத்தைக் கழிப்பது கடினம். டாக்ஸி ஓட்டுநர் சொல்வார், அலுவலக நண்பர் சொல்வார், தேர்தலில் நிற்பவர் கட்டாயம் சொல்வார். வேலையின் பொருட்டு இங்கே வாழும் தமிழர்களும், பிள்ளைகளை மருத்துவம் படிக்க டாவோ நகருக்கு அனுப்பியிருக்கும் பெற்றோர்களும் இதையே முகநூலில் எழுதிவருகிறார்கள். சட்டத்தை மதிக்கும் பழக்கம் பிலிப்பினோக்களிடையே வேரூன்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உரத்த குரலில் சொல்லப்பட்டுவரும் இந்த அறிவுரை, முதலில் கேட்டிருக்க வேண்டியவர்களின் காதில் மட்டும் விழவே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

1972 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் இராணுவச் சட்டத்தை அறிவித்தபோது, நாட்டின் முன்னேற்றத்துக்கு ஒழுக்கமே தேவை என்பதே அரசின் முழக்கமாக இருந்தது. நள்ளிரவுக்கு மேல் வெளியே நடமாடியவர்கள் பிடிக்கப்பட்டார்கள். நீண்ட முடி வளர்த்த இளைஞர்களுக்கு முடி வெட்டப்பட்டது. அதே ஆண்டுகளில் ஆட்சியாளரின் குடும்பம் சுவிஸ் வங்கிகளில் சேர்த்துவைத்த பணத்தில் சுமார் 65.8 கோடி டாலர் முறைகேடாகச் சேர்த்த சொத்து என்று 2003-இல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்து, அதை அரசுடைமையாக்கியது. ஊருக்கெல்லாம் முடி வெட்டிவிட்டவர்களின் வீட்டுக் கணக்கு இப்படி இருந்தது.

1992 நவம்பரில் மணிலாவுக்கு வந்த லீ குவான் யூ, வளர விரும்பும் நாட்டுக்கு ஜனநாயகத்தைவிட ஒழுக்கமே அதிகம் தேவை என்று வணிகர்கள் கூடிய அவையில் பேசிவிட்டுப் போனார். பிலிப்பினோக்கள் இன்றும் அதைப் பாதி கோபத்தோடும் பாதி ஏக்கத்தோடும் எடுத்துச் சொல்கிறார்கள். சிங்கப்பூரைப் பார் என்பவர்கள் அங்கே விதிக்கப்படும் அபராதங்களை மட்டும் பார்க்கிறார்கள். அபராதத்துக்குப் பின்னால் இருக்கும் மற்றொன்றைச் சிங்கப்பூர்த் தமிழர்கள் நன்றாக அறிவார்கள்: 2024 அக்டோபரில் அங்கே முன்னாள் அமைச்சர் எஸ். ஈஸ்வரனுக்குப் பன்னிரண்டு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது, அவரும் சிறைக்குப் போனார். இங்கே முன்னாள் குடியரசுத் தலைவர் ஜோசப் எஸ்ட்ராடாவுக்குப் பெருங்கொள்ளைக் குற்றத்துக்காக 2007 செப்டம்பரில் ஆயுள் தண்டனை கிடைத்தது. அடுத்த மாதமே மன்னிப்பும் கிடைத்தது. 2010-இல் மறுபடியும் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று இரண்டாவது இடம் பிடித்தார். 2013-இல் தலைநகரின் மேயரானார். ஃபெர்டினாண்ட் மார்கோஸின் மனைவி இமெல்டா மார்கோஸ் 2018 நவம்பரில் ஏழு ஊழல் குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று சாண்டிகன்பயான் என்ற ஊழல் தடுப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அவருடைய வயதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று தேசியக் காவல்துறைத் தலைவரே பேசினார். பிணையில் வெளியே இருந்த அவர், தம் மகன் 2022-இல் குடியரசுத் தலைவரானதையும் பார்த்துவிட்டார். இதையெல்லாம் கண்டு வளர்ந்த ஒரு தலைமுறையிடம் சிவப்பு விளக்கின் புனிதத்தைப் பற்றிப் பேசுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

பிலிப்பினோவின் இயல்பிலேயே ஒழுங்கு இல்லை என்ற வாதத்தை நான் ஏற்காததற்கு முதல் காரணம் சூபிக். அமெரிக்கக் கடற்படை 1992-இல் காலிசெய்துவிட்டுப் போன அந்தத் தளம் இன்று ஒரு சுதந்திர வணிகத் துறைமுகம். ஒலோங்கப்போ நகரில் முட்டிமோதிக்கொண்டு வந்த அதே ஓட்டுநர், தளத்தின் வாயிலைத் தாண்டியதும் இருக்கைப் பட்டையை இழுத்து மாட்டுகிறார். ஒவ்வொரு சந்திப்பிலும் வண்டியை முழுதாக நிறுத்தி, தனக்கு முன்னால் வந்து நின்றவர் போகும்வரை காத்திருந்து, பிறகே நகர்கிறார். மாலையில் வாயிலைக் கடந்து வெளியே வந்ததும் பழையபடி ஹாரனை அழுத்துகிறார். ஒரே நாளில் ஒருவருடைய குணம் இரண்டு முறை மாறிவிடாது. உள்ளே யார் மீறினாலும் சீட்டு கொடுப்பார்கள், யாருக்குப் போன் போட்டாலும் அந்தச் சீட்டு கிழிபடாது என்று அவர் நம்புகிறார். வெளியே அந்த நம்பிக்கை இல்லை.

இரண்டாவது காரணம், ஊரெங்கும் ஓடும் பயணிகள் வண்டியான ஜீப்னி. எதிரெதிரான இரு நீள இருக்கைகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் பயணிகளில், வாசலோரம் இருப்பவர் "பயாட் போ" என்று சொல்லிக் காசை நீட்டினால், முன்பின் தெரியாத ஐந்தாறு கைகள் மாறி அது ஓட்டுநரிடம் போய்ச் சேர்கிறது. ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே மறு கையால் அவர் எண்ணிக் கொடுக்கும் சில்லறை, அதே கைகள் வழியாகத் திரும்பி வருகிறது. நடத்துநர் இல்லை, பயணச்சீட்டும் இல்லை. வழியில் ஒரு பெசோ குறைந்தது என்று யாரும் தகராறு செய்து நான் பார்த்ததில்லை. இப்படி நாள்தோறும் பணத்தைக் கைமாற்றிக்கொடுக்கும் மக்களைக் குடிமை உணர்வு அற்றவர்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அதே ஜீப்னி சாலையின் நட்டநடுவில் நிற்பதும், கை காட்டிய இடத்திலெல்லாம் ஆளை ஏற்றுவதும் உண்மைதான். அந்த ஓட்டுநர்களில் பெரும்பாலோர் வண்டிக்குச் சொந்தக்காரர்கள் இல்லை. 'பவுண்டரி' என்று இங்கே சொல்லப்படும் நாள்வாடகையை உரிமையாளருக்குக் கட்டி, டீசலுக்கும் கொடுத்துவிட்டு, மிச்சம் இருப்பதைத்தான் அவர் வீட்டுக்குக் கொண்டுபோக முடியும். நிறுத்தத்தில் மட்டுமே நிற்பேன் என்று ஒருவர் உறுதி பூண்டால், அவர் விட்டுச்சென்ற பயணி பின்னால் வரும் வண்டியில் ஏறிவிடுவார். அன்றைய இழப்பு விதியை மதித்தவருக்குத்தான். மாதச் சம்பளம் இருந்தால் இதே ஓட்டுநர் நிறுத்தத்தில் நிற்பார். கூலி முறையை அப்படியே விட்டுவிட்டு ஓட்டுநருக்கு ஒழுக்க வகுப்பு எடுப்பதால் என்ன பயன் விளையும் என்று எனக்குப் புரியவில்லை.

சாலையைக் கடப்பவரின் நிலையும் ஏறக்குறைய இதுதான். பெருநகர மணிலாவின் அகன்ற சாலைகளில், கடக்காதீர்கள், இங்கே ஏற்கெனவே ஒருவர் இறந்திருக்கிறார் என்ற பொருளில் பலகை வைத்திருப்பார்கள். மீறுவோருக்கு அபராதமும் உண்டு. நல்லது. ஆனால் 2018-இல் எட்சா சாலையில் காமுனிங் பகுதியில் அமைக்கப்பட்ட நடைமேம்பாலம், கீழே ஓடும் இரயிலின் மின்கம்பிகளுக்கும் மேலே எழும்ப வேண்டியிருந்ததால் அவ்வளவு செங்குத்தாக அமைந்தது. மக்கள் அதற்கு 'காமுனிங் மலை' என்றே பெயர் வைத்தார்கள். மூட்டுவலியுள்ள ஒரு பாட்டியிடமும் வயிற்றுப் பிள்ளைக்காரியிடமும் அந்தப் படிகளைக் காட்டிவிட்டு, கீழே கடந்தால் அபராதம் என்று சொல்வதை ஒழுக்கப் பயிற்சி என்று அழைக்க முடியாது.

பெருந்தொற்றுக் காலம் இந்த ஏற்றத்தாழ்வை ஒளிவுமறைவின்றிக் காட்டிவிட்டது. ஊரடங்கை மீறியதற்காக ஆயிரக்கணக்கான எளிய மக்கள் கைதானார்கள். 'பசாவாய்', அதாவது சொன்ன பேச்சுக் கேளாதவர்கள் என்று அதிகாரிகளும் தொலைக்காட்சிகளும் அவர்களை ஏசின. 2020 மே மாதம், கூட்டம் கூடத் தடை நடப்பில் இருந்தபோதே, பெருநகர மணிலாவின் காவல்துறைத் தலைவர் டெபோல்ட் சினாஸின் பிறந்தநாளை அவருடைய அதிகாரிகள் கூடிக் கொண்டாடினார்கள். படங்கள் காவல்துறையின் முகநூல் பக்கத்திலேயே வெளிவந்தன. அந்த ஆண்டு நவம்பரில் அவர் நாட்டின் காவல்துறைத் தலைவராகப் பதவி உயர்த்தப்பட்டார். ஆயிரம் விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் சேர்ந்தாலும் இந்த ஒரு பதவி உயர்வு கற்றுக்கொடுத்த பாடத்தை அழிக்க முடியாது.

டாவோவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம் பெற்றோர்கள் கோபித்துக்கொள்வார்கள். அங்கே பொது இடங்களில் புகைக்கத் தடை உண்டு, பட்டாசுக்குத் தடை உண்டு, வேகக் கட்டுப்பாடு உண்டு. பெரும்பாலும் அவை கடைப்பிடிக்கவும் படுகின்றன. இவை உண்மையான சாதனைகள், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்நகரின் மேயராக நெடுங்காலம் இருந்த ரொட்ரிகோ டுட்டெர்டேயை நினைத்து "நமக்கும் ஒரு டுட்டெர்டே வேண்டும்" என்று தமிழில் எழுதுபவர்கள், அவர் நாட்டின் தலைவரான பிறகு நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் நடந்த காவல்துறை நடவடிக்கைகளில் அரசின் சொந்தக் கணக்கின்படியே ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 2017 ஆகஸ்டில் கலோகன் நகரில் பதினேழு வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் துப்பாக்கியால் எதிர்த்துச் சுட்டதால் கொல்லப்பட்டதாகக் காவலர்கள் சொன்னார்கள். கண்காணிப்புக் கேமராவோ, அவனைப் போலக் காணப்பட்ட ஒருவனைக் காவலர்கள் இழுத்துச் செல்வதைக் காட்டியது. மூன்று காவலர்கள் கொலைக் குற்றவாளிகள் என்று மறு ஆண்டு தீர்ப்பு வந்தது. 2025 மார்ச்சில் டுட்டெர்டே பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் ஆணைப்படி கைதாகி ஹேக் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். சட்டத்தை நிலைநாட்டப் புறப்பட்டவர்கள் சட்டத்தையே தாண்டிப் போனால், மக்கள் அவர்களைக் கண்டு ஒதுங்கி நடக்கலாம். சட்டத்தின் மேல் அவர்களுக்கு மதிப்பு வராது.

பின்பற்றத்தக்க உள்ளூர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் நான் மரிகினாவைச் சொல்வேன். காலணித் தொழிலுக்குப் பெயர்பெற்ற அந்த ஊரில் 1992 முதல் 2001 வரை மேயராக இருந்த பயானி ஃபெர்னாண்டோ அடிப்படையில் ஒரு பொறியாளர். நடைபாதையை மறிக்காதே என்று சொல்வதற்கு முன் நடக்கத்தக்க நடைபாதையை அமைத்தார். ஆற்றங்கரையைச் சீர்செய்து, அங்கே குடியிருந்தவர்களை ஊருக்குள்ளேயே வேறிடத்தில் குடியமர்த்தினார். குப்பை வண்டி சொன்ன நாளில் வரும்படி செய்தார். அதன் பிறகே அபராதத்தில் கண்டிப்பு காட்டினார். பிற்பாடு பெருநகர வளர்ச்சி ஆணையத்தின் தலைவரானபோது, பதினாறு நகரங்களும் ஒரு பேரூரும் சேர்ந்த அந்தப் பரப்பில் அவரால் கொடுக்க முடிந்தது குறைவு, தண்டிக்க முடிந்ததே அதிகம். நடைபாதை வியாபாரிகளிடம் அவர் பெயர் கெட்டது. இரு காலங்களிலும் ஆள் அவரேதான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் குடிமக்களுக்குப் பொறுப்பே இல்லை என்று நான் வாதாடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். போக்குவரத்துக் காவலர் நிறுத்தியதும் உரிமத்துக்கு அடியில் பணத்தை மடித்து நீட்டும் நண்பர்களை நான் அறிவேன். மறுநாள் அவர்களே அரசியல்வாதிகளின் ஊழலைப் பற்றி நீளமாக எழுதுகிறார்கள். 2025 மே மாதம் கேமராவைக் கொண்டு அபராதம் விதிக்கும் முறை மணிலாவின் முக்கியச் சாலைகளில் மீண்டும் நடைமுறைக்கு வந்ததும், எண்பலகையைத் துணியாலும் ஒட்டுநாடாவாலும் மறைத்துக்கொண்டு ஓட்டிய மோட்டார் சைக்கிள்காரர்களை எந்த வறுமையும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அரசு அலுவலக வாசல்களில் 'ஃபிக்ஸர்' எனப்படும் இடைத்தரகர்கள் நிற்பதற்கும் உள்ளே இருப்பவர்கள் மட்டுமே காரணம் இல்லை, வரிசையில் நிற்கப் பொறுமையில்லாத நாமும் காரணம். எளிய விண்ணப்பம் மூன்று வேலை நாளிலும், சிக்கலானது ஏழு நாளிலும், நுட்பமானது இருபது நாளிலும் முடிக்கப்பட வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் புகார் செய்யத் தனி ஆணையமும் இருக்கிறது. தரகருக்குக் கொடுக்கப் பணம் இருப்பவர்கள் ஒரு புகார்க் கடிதம் எழுத மட்டும் நேரமில்லை என்கிறார்கள். சட்டத்தை மதிப்பது என்பது அதற்குப் பணிவது மட்டும் அன்று, அதைக் கேட்டு வாங்குவதும் ஆகும் என்று பள்ளியில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

மாற்றம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டால் என் பதில் எட்சாவின் பேருந்துத் தடத்திலிருந்து என்பதே. 2020 முதல் பேருந்துகளுக்கென்று ஒதுக்கப்பட்ட அந்தத் தடத்தில் வேறு வண்டி நுழைந்தால் முதல் முறை 5,000 பெசோ அபராதம். திரும்பத் திரும்ப மீறினால் 30,000 வரை போகும். 2025 ஜூலை நிலவரப்படி நாளொன்றுக்கு 695 பெசோ குறைந்தபட்சக் கூலி பெறும் ஊரில் முதல் அபராதமே ஏழு நாள் உழைப்பு. சைரன் ஒலித்துக்கொண்டு போகும் அதிகாரிகளின் வண்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்துவதில்லை என்பது பேருந்து சன்னலோரம் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். சைரனுக்கான தடையாணை 1973-லேயே வந்துவிட்டது. 2010-இல் பதவியேற்ற நாளில் குடியரசுத் தலைவர் பெனிக்னோ அக்கினோ இனி 'வாங்-வாங்', அதாவது சைரன், கிடையாது என்று அறிவித்தபோது மக்கள் ஆரவாரம் செய்தார்கள். அவரும் சிவப்பு விளக்கில் நின்று காட்டினார். 2024-இல் இன்றைய அரசு மறுபடியும் அதே தடையைப் புதிய ஆணையாக வெளியிட வேண்டியிருந்தது. அக்கினோ நின்ற காலத்தில் மற்ற அதிகாரிகளும் கொஞ்சம் அடங்கினார்கள் என்பதைப் பல ஓட்டுநர்கள் இன்றும் சொல்கிறார்கள். தடத்தில் பிடிபடும் அரசு வண்டி ஒவ்வொன்றின் எண்ணையும், எந்தத் துறைக்குரியது என்பதையும், அபராதம் கட்டப்பட்டதா என்பதையும் மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்பது என் கோரிக்கை. செலவில்லாத காரியம்.

2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் பேசிய குடியரசுத் தலைவர் மார்கோஸ் இளையவர், வெள்ளத்தடுப்புப் பணிகளில் கொள்ளையடித்தவர்களைப் பார்த்து வெட்கப்படுங்கள் என்றார். பிறகு அவரே வெளியிட்ட கணக்கில், சுமார் 54,500 கோடி பெசோ மதிப்புள்ள பணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெறும் பதினைந்து ஒப்பந்ததாரர்களிடம் போயிருந்தது. புலகான் மாகாணத்தில் கட்டிமுடித்ததாகக் கணக்கு காட்டிய தடுப்புச்சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சுவரே இல்லை. செப்டம்பர் 21 அன்று, இராணுவச் சட்டத்தின் நினைவு நாளில், பல்லாயிரக்கணக்கான மக்கள் தெருவில் இறங்கினார்கள். பெரும்பாலோர் வெள்ளைச் சட்டை அணிந்து எட்சாவில் அமைதியாகத் திரண்டார்கள். குடியரசுத் தலைவர் மாளிகைக்கு அருகிலுள்ள மெந்தியோலாப் பக்கம் கல் எறிந்தவர்களும் இருந்தார்கள், அதை நான் நியாயப்படுத்தவில்லை. அங்கே இருநூறுக்கும் மேற்பட்டோர் அன்றே பிடிபட்டார்கள், அவர்களில் பலர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். வெள்ளத்தடுப்பு வழக்கில் சாண்டிகன்பயான் முதல் பிடியாணைகளைப் பிறப்பிக்க நவம்பர் ஆயிற்று. அதற்குள் அவற்றில் பெயர் இடம்பெற்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் வெளிநாட்டில் இருந்தார். பிலிப்பினோக்களுக்கு ஒழுக்கம் போதிக்க விரும்புகிறவர்கள், பையன்களுக்குச் சில மணி நேரமும் மற்றவர்களுக்கு இரண்டு மாதமும் ஆனது ஏன் என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லட்டும். மெந்தியோலாவில் பிடிபட்ட பையன்களின் பெற்றோர்கள் அதைத்தான் கேட்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன்.